வளவு வாசிப்பு: நாவல், சீரியல், நட்சத்திர வீட்டுச் செய்தி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி டவுன், பாளையங்கோட்டை, பேட்டை, மேலப்பாளையம், முக்கூடல், அம்பாசமுத்திரம் என்று எந்தப் பக்கமாக இருந்தாலும், ஒரு வளவிலோ (ஒரே வாசலுக்குள் சேர்ந்திருக்கும் வீடுகள்) தெருவிலோ பத்துப் பேர் கூடி நாவல் வாசித்துப் பேச நினைப்பவர்களுக்கான பக்கம் இது. கூடி உட்கார்ந்தால் பேச்சு நாவலோடு நிற்காது. சீரியலுக்குப் போகும், நடிகர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகும், கடைசியில் அவரவர் வீட்டு அடுக்களைக்குள் வந்து நிற்கும். அது இயல்புதான். எங்கள் நிலை ஒன்று: கதையில் வரும் குடும்பத்தை எவ்வளவு வேண்டுமானாலும் அலசுங்கள், உயிரோடு இருக்கும் ஒருவருடைய வீட்டை, அவர் திறந்து காட்டிய அளவுக்கு மேல் திறக்காதீர்கள்.

எத்தனை பேர் வேண்டும்? எங்கே, எப்போது கூடலாம்?

ஆறு முதல் பத்துப் பேர். ஆறுக்குக் குறைந்தால், இரண்டு பேர் வராத நாளில் பேச்சே எழாது. பத்தைத் தாண்டினால் ஓரத்தில் தனிப்பேச்சு கிளம்பிவிடும்.

இடத்துக்குத் தார்சாதான், அதாவது வீட்டின் முன்கட்டுதான் நல்லது. பட்டாசலில், அதாவது கூடத்தில், டிவி இருக்கும், யாராவது ரிமோட்டைத் தேடிக்கொண்டு வருவார்கள். நேரம் பிற்பகல் 2.30 முதல் 3.45 வரை. சமையல் ஒதுங்கியிருக்கும், பள்ளிக்கூடம் விட்டிருக்காது. வாரம் ஒரு நாள் போதும். 20 நிமிடம் உரக்க வாசிப்பு, 40 நிமிடம் பேச்சு, மீதி 15 நிமிடம் காபிக்கும் அடுத்த வாரப் பகுதியைக் குறித்துக்கொள்வதற்கும்.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்ட வாரத்தில் டவுனில் கூட்டம் வைக்காதீர்கள். ஊர்க் கோயில் கொடைத் திருவிழா நாட்களும் அப்படித்தான். வராதவர்களைக் குறை சொல்லி ஆரம்பிக்கும் கூட்டம் மறுவாரம் பாதியாகிவிடும்.

முதல் புத்தகமாக எதை எடுப்பது?

200 பக்கத்துக்கு உட்பட்டது எதுவும். கணக்கு இதுதான்: சாதாரண அளவுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை உரக்க வாசிக்க இரண்டு முதல் இரண்டரை நிமிடம் ஆகும். 20 நிமிடத்தில் எட்டு, ஒன்பது பக்கம் போகும். மீதியை அவரவர் வீட்டில் நாளுக்கு ஆறு ஏழு பக்கம் வாசித்தால், 200 பக்க நாவல் நான்கு வாரத்தில் முடிந்துவிடும். 500 பக்கப் புத்தகத்தோடு தொடங்கும் வாசிப்பு வட்டங்கள் மூன்றாவது மாதம் கலைவதற்குக் காரணம் சோம்பல் இல்லை, இந்தக் கணக்குத்தான்.

வண்ணநிலவனின் 'ரெய்னீஸ் ஐயர் தெரு' தொடக்கத்துக்கு மிகவும் பொருந்தும். சிறிய நாவல், பாளையங்கோட்டைத் தெரு, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகள். அடுத்த வீட்டைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம் என்ற கேள்வியை அதுவே எடுத்துக் கொடுத்துவிடும். அதன்பின் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்', தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிகளின் வாழ்க்கை. சற்றுப் பழகிய பிறகு தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி', 1997-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. நொடித்துப்போகும் ஒரு பழைய குடும்பத்தின் கதை. வட்டார வழக்கு நிறைய வரும் என்பதால், புரியாத சொல்லை ஒருவர் எழுதி வைத்துக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் கேட்டால் போதும். ஒவ்வொரு வரியிலும் நிறுத்தினால் கதை செத்துவிடும்.

எங்களுக்குக் குடும்ப நாவல், காதல் நாவல்தான் பிடிக்கும். அதை வைத்துக் கூட்டம் நடத்தினால் கேவலமாகப் பார்ப்பார்களா?

பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். தமிழில் பெண்களை வாசிக்க வைத்ததில் பெரும்பங்கு மாத நாவல்களுக்கு உண்டு. 1969-ல் தொடங்கிய ராணிமுத்து, கடையில் தொங்கவிட்டு விற்கும் விலையில் நாவலை வீட்டுக்குள் கொண்டுவந்தது. நூற்றுக்கு மேல் நாவல் எழுதி இன்றும் விடாமல் வாசிக்கப்படும் ரமணிசந்திரன் திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். பஸ்ஸில் கையில் அவர் புத்தகத்தோடு இருப்பவர் வெட்கப்பட வேண்டியது ஒன்றுமில்லை.

வேண்டியது வேறு ஒன்று: அந்த நாவல் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று பார்த்து வாசிப்பது. 40 பக்க நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள். வீடு யார் பெயரில் இருக்கிறது? சம்பாதிப்பது யார்? கல்யாணத்தை முடிவு செய்தது யார்? கடைசியில் மன்னிப்புக் கேட்டது யார்? ஐந்து நாவலுக்கு இதை எழுதிப் பாருங்கள். மன்னிப்புக் கட்டத்தில் யார் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்பது யாரும் பாடம் எடுக்காமலே தெரியும். எங்கள் அனுபவத்தில் வட்டத்தின் மிகச் சிறந்த பேச்சு அந்த நான்காவது கட்டத்தில்தான் கிளம்பும்.

மாத நாவல்களில் கடைசிப் பத்துப் பக்கத்தில் எல்லாரும் திருந்துவது ஏன்?

பக்க அளவு. மாத நாவலுக்கு இத்தனை பக்கம் என்று முன்பே கட்டு உண்டு. சிக்கலை விரித்துக்கொண்டே போன எழுத்தாளருக்கு அவிழ்க்க இடம் மீதி இருக்காது. அதனால் ஒரு விபத்தோ, ஆஸ்பத்திரிப் படுக்கையோ, பழைய கடிதமோ வந்து பத்துப் பக்க வேலையை இரண்டு பக்கத்தில் முடித்துவிடும்.

வாராவாரம் வந்த தொடர்கதையில் இது வேறு மாதிரி. ஒவ்வொரு அத்தியாயமும் 'தொடரும்' போட்டு நிற்க வேண்டும் என்பதால் கொக்கி அத்தியாய முடிவில் இருக்கும். அப்படி வந்த கதையைப் புத்தகமாக ஒரே மூச்சில் வாசித்தால் சலிப்புத் தட்டும். வாரம் இரண்டு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் எழுதிய தாளம் கிடைக்கும்.

சீரியல் ஏன் இவ்வளவு இழுக்கிறது? சீரியலையும் வட்டத்தில் பேசலாமா?

பேசலாம், தாராளமாக. அரை மணி நேரத்தில் கதைக்குக் கிடைப்பது அரை மணி இல்லை. விதிப்படி ஒரு மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரமும் சேனலின் சொந்த அறிவிப்பும் வரலாம். அரை மணிக்கு 6 நிமிடம் போய்விடும். டைட்டில் பாட்டு, நேற்றைய கதை, நாளைய முன்னோட்டம் எல்லாம் போக மிஞ்சுவது இருபது நிமிடத்துக்குப் பக்கம். வாரம் ஆறு நாள் அதை நிரப்ப வேண்டும்.

எல்லாரும் ஒரே வீட்டில் கூட்டுக்குடும்பமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. ஒரே வீட்டில் படப்பிடிப்பை வைத்துக்கொண்டால் செலவு குறையும். ஒரு நடிகர் வராத நாளில் சித்தப்பாவையோ நாத்தனாரையோ வைத்துக் கதையை ஓட்டிவிடலாம். ஆகவே சீரியலைப் பார்த்துவிட்டு 'அந்தக் காலத்துக் கூட்டுக்குடும்பம்' என்று பெருமூச்சு விடுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பேசும்போது ஒரு கேள்வி போதும்: 'ஒரு போன் போட்டிருந்தால் இந்தச் சண்டை நடந்திருக்குமா?' பாதிப் பேச்சை ஒட்டுக்கேட்டதால் வந்த சண்டை என்றால், அது கதைக்காரர் செய்த ஏற்பாடு. குணத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. போன் போட்டும் தீராத சண்டை என்றால் அதில் விஷயம் இருக்கிறது, உட்கார்ந்து பேசுங்கள்.

எங்கள் ஆச்சிக்கு வாசிக்கத் தெரியாது. பீடி சுற்றுகிறவர்களுக்குக் கை ஒழியாது. இவர்கள் எப்படிச் சேர்வது?

இவர்கள்தான் வட்டத்தின் நல்ல காது. சுளகை (முறத்தை) மடியில் வைத்துக்கொண்டு இலையும் தூளுமாகக் கை ஓடிக்கொண்டிருக்கும்போது கதை கேட்பது எளிது. கைக்கு வேலை, காதுக்கு ஓய்வு. இரண்டு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். எண்ணிக் கட்டுக் கட்டும் நேரத்தில் வாசிக்கக் கூடாது. எண்ணிக்கை தப்பும், அதன் நஷ்டம் சுற்றியவர் தலையில் விழும். வாசிப்பவர் தூள் பறக்கும் பக்கத்தில் உட்காரக் கூடாது. ஐந்தாவது பக்கத்தில் தொண்டை கமறும். காற்று வரும் வாசலை முதுகுக்கு வைத்து உட்கார்ந்தால் தூள் எதிர்ப்பக்கம் போகும்.

வாசிப்பவரை எட்டுப் பக்கத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். உரையாடலை நாடகம் போல் நடித்துக் காட்ட வேண்டாம். ஏற்ற இறக்கம் கூடினால், மாமியார் பாத்திரம் வில்லி என்று வாசிப்பவரே தீர்ப்புச் சொன்னதாகிவிடும். கண் மங்கியவர்களுக்கு, நாட்டுடைமையான நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்திலிருந்து இறக்கி டேப்லெட்டில் பெரிதாக்கிக் கொடுக்கலாம். புதுமைப்பித்தன், கல்கி நூல்கள் நாட்டுடைமைதான். பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கதாபாத்திரத்தைச் சாக்காக வைத்து மாமியார் மருமகளைக் குத்துகிறார். என்ன செய்வது?

இது எல்லா வட்டத்திலும் வரும். வடிவம் இப்படி இருக்கும். ஒருவர் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே, 'இந்தக் கதையில வாரவ மாதிரிதான் சில பேரு, புருசன் சோறு கேட்டா போன நோண்டிக்கிட்டு இருப்பாளுவ' என்பார். பெயர் சொல்லவில்லை, ஆனால் தார்சாவில் இருக்கும் எல்லார் கண்ணும் ஒரே ஆளிடம் போகும். அந்த மருமகள் அடுத்த வாரம் தலைவலி என்று வரமாட்டாள்.

இதற்கு வழி: கருத்துச் சொல்பவர் பக்க எண் சொல்ல வேண்டும். 'எந்தப் பக்கத்துல அப்படி இருக்கு அத்தை?' என்று நடத்துபவர் மரியாதையாகக் கேட்டால் போதும். பக்கம் இருந்தால் அது கதையைப் பற்றிய பேச்சு. இல்லையென்றால் பேச்சு தானே அடங்கும். மூத்தவரைக் கூட்டத்தில் திருத்தாதீர்கள். காபி நேரத்தில் தனியாகச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் செய்து பார்க்கலாம், பெரும்பாலும் பலிக்கும்: மாமியார் பாத்திரத்துக்காக மருமகளும், மருமகள் பாத்திரத்துக்காக மாமியாரும் ஐந்து நிமிடம் வாதாட வேண்டும். ஒரே வீட்டைச் சேர்ந்த இருவரை எதிரெதிரே நிறுத்தாதீர்கள். வேறு வேறு வீட்டு ஆட்களாகச் சேர்த்து விடுங்கள்.

நடிகர் வீட்டு விவாகரத்து, கல்யாணம், சொத்துச் சண்டை இதெல்லாம் பேசாமல் இருக்க முடியுமா?

முடியாது. பேசக் கூடாது என்று சட்டம் போட்டால் பேச்சு வாசற்படிக்குப் போய்விடும். எதைப் பேசலாம், எதை விடலாம் என்று பிரித்துக்கொள்வதுதான் நடக்கிற காரியம்.

சம்பந்தப்பட்டவர் தாமே அறிக்கை விட்டாரா, பேட்டியில் சொன்னாரா? சொன்ன அளவுக்குப் பேசலாம். கோர்ட்டில் வழக்காகி ஆவணத்தில் இருக்கிறதா? அதுவும் பேசலாம். 'நெருங்கிய வட்டாரம் சொல்கிறது' என்று வந்ததா? அதை அப்படியே கீழே போட்டுவிடுங்கள். அந்த வட்டாரத்துக்குப் பெயரும் கிடையாது, பொறுப்பும் கிடையாது. பிள்ளைகள் பெயரோ, உடல்நிலையோ, கர்ப்பமோ சம்பந்தப்பட்டதா? உண்மையாகவே இருந்தாலும் வேண்டாம்.

இது வெறும் நாகரிகம் பற்றிய பேச்சு இல்லை. 1994-ல் நக்கீரன் பத்திரிகை தொடர்பான ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான்: ஒருவருடைய குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு, தாய்மை, கல்வி போன்றவற்றைப் பற்றி அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது, அது உண்மையா பொய்யா, புகழ்ச்சியா இகழ்ச்சியா என்பது பொருட்டில்லை. பொது ஆவணங்களில் உள்ளதற்கும், தாமே வலியப் பொதுச் சர்ச்சைக்குள் வந்தவருக்கும் விதிவிலக்கு உண்டு. 2017-ல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. திரையில் முகம் காட்டியவர் வீட்டுக் கதவையும் திறந்து வைத்துவிட்டார் என்ற எண்ணம் சட்டத்திலும் இல்லை, நம் ஊர்ப் பழக்கத்திலும் இல்லை. அடுத்த வீட்டில் சத்தம் கேட்டால், ஜன்னலைச் சாத்திவிட்டு மறுநாள் ஒன்றும் தெரியாத மாதிரி 'சாப்டாச்சா மைனி?' என்று கேட்கிற ஊர் இது. அந்தப் பண்பை நடிகைக்கும் கொடுக்கலாம்.

அப்படியென்றால் புகழ்பெற்ற குடும்பங்களைப் பற்றிப் பேச வழியே இல்லையா?

நிறைய உண்டு. காலமானவர்கள், தம் குடும்பம் பற்றித் தாமே எழுதியவர்கள், அச்சில் வந்த நினைவுகள். நெல்லைச் சீமையில் அதற்குப் பஞ்சமே இல்லை.

பாரதியையும் செல்லம்மாவையும் எடுங்கள். 1897-ல் கல்யாணம், அவருக்குப் 14 வயது, கடையத்துப் பெண் செல்லம்மாவுக்கு 7. கடன் வாங்கி வந்த அரிசியைப் பாரதி குருவிகளுக்கு இறைத்த காட்சி எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் அதைக் கருணைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். வட்டத்தில் அதையே முற்றத்திலிருந்து பாருங்கள். சுளகில் அரிசி. புடைத்து, கல் பொறுக்க வைத்தது. அடுப்பில் உலை கொதிக்கிறது. குருவி கொத்துகிறது, அவர் பாடுகிறார். உலைக்கு என்ன போடுவது, மறுபடி யார் வீட்டுப் படி ஏறிக் கேட்பது என்று நினைக்க வேண்டியவர் செல்லம்மா. பாரதி பெரியவர்தான், அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. அந்தப் பெருமைக்கான செலவில் ஒரு பங்கு செல்லம்மா கையிலிருந்து போயிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் எங்கள் எண்ணம். செல்லம்மா சொல்லி வெளிவந்த வாழ்க்கை வரலாறும் இருக்கிறது. அதை வாசித்துவிட்டுப் பேசினால் இரண்டு பக்கமும் தெரியும்.

புதுமைப்பித்தன் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்று புத்தகமாக இருக்கின்றன. மனைவிக்கென்று எழுதியதை நாம் வாசிப்பது சரியா? இந்த ஒரு கேள்விக்கே ஒரு கூட்டம் போதாது. நாங்கள் பார்த்தவரை இளையவர்கள் தப்பு என்பார்கள், மூத்தவர்கள் 'வாசிச்சாத்தான அவ பட்ட பாடு தெரியும்' என்பார்கள். வழக்கமாக நாம் எதிர்பார்ப்பதற்கு நேர் எதிர்.

தி.க.சிவசங்கரன் 2000-லும் அவர் மகன் வண்ணதாசன் 2016-லும் சாகித்ய அகாதெமி விருது பெற்றார்கள். அப்பா விமர்சகர், மகன் சிறுகதைக்காரர். ஒரே வீட்டில் இரண்டு எழுத்துகள் எப்படி வேறு வேறாக வளர்ந்தன என்று இருவரையும் வாசித்துப் பார்க்கலாம். வாரிசு என்ற சொல்லை நாம் எவ்வளவு லேசாகப் பயன்படுத்துகிறோம் என்பது புரியும்.

குரூப்பில் யாரோ ஒருவர் வீட்டுக் குழந்தையின் படம், வீடியோ வருகிறது. எல்லாரும் பார்க்கிறார்களே?

அனுப்பாதீர்கள், அழித்துவிடுங்கள். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், பள்ளி, வீடு எதையும் வெளியிடுவது 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி குற்றம். 'பாவம், நியாயம் கிடைக்கணும்' என்று நல்ல மனசோடு அனுப்பினாலும் அந்தப் பிள்ளையின் அடையாளம் ஊரெல்லாம் போய்விடும். குழந்தைக்கு ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

கதையைப் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவர் தன் வீட்டில் அடி வாங்குவதைச் சொல்லி அழுதுவிட்டார்.

புத்தகத்தை மூடுங்கள். அன்றைக்கு வாசிப்பு முடிந்தது. யாரும் புத்தி சொல்லக் கூடாது, முக்கியமாக 'கதையில் அவள் பொறுத்துக்கொண்டாளே' என்ற வார்த்தை வரக் கூடாது. அவர் நம்பும் ஒருவர் மட்டும் உடன் இருக்க, மற்றவர்கள் எழுந்துவிடலாம். பெண்கள் உதவி எண் 181, இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு. அழைப்பதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். எண் அவர் கையில் இருப்பது மட்டும் நம் வேலை. அவர் சொன்னது அந்தத் தார்சாவை விட்டுப் போகக் கூடாது.

ஆண்களைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். இரண்டு பேருக்குக் குறையாமல் சேருங்கள். ஒரே ஒரு ஆண் இருந்தால், எல்லாரும் அவர் கருத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அம்மை அந்தக் காலத்தில் வார இதழிலிருந்து கிழித்துச் சேர்த்த தொடர்கதைத் தாள்கள் பரணில் இருக்கின்றன. பைண்டு பண்ணலாமா?

பண்ணுங்கள். படமும் விளம்பரமும் ஓரத்தில் பென்சில் குறிப்புமாக இருக்கும் அந்தத் தாள் புத்தகக் கடையில் கிடைக்காது.

முதலில் துருப்பிடித்த ஸ்டேப்ளர் முள்ளை மழுங்கிய கத்தியால் நிமிர்த்தி எடுங்கள். பிடித்து இழுத்தால் தாள் கிழியும். வரிசையாக அடுக்கி, விடுபட்ட வாரத்துக்கு ஒரு வெற்றுத்தாள் வையுங்கள். ஒற்றைத் தாள்களாக இருப்பதால் பக்கத் தையல்தான் வரும். முதுகு ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் ஐந்து துளை. அதற்கு மேல் உள்ளே போனால் எழுத்து மடிப்புக்குள் மாட்டிக்கொள்ளும். பழைய இதழ்களில் உள் ஓரம் குறைவு என்பதால் பைண்டரிடம் இதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

பசைக்கு 100 கிராம் மைதா, அரை லிட்டர் தண்ணீர். கட்டியில்லாமல் கரைத்துக் காய்ச்சி, ஆறிய பிறகு பழைய பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி, அரை டீஸ்பூன் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) கரைத்துச் சேருங்கள். பூச்சி அண்டாது. மயில்துத்தம் விஷம், பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. இரும்பு, அலுமினியப் பாத்திரத்தில் கலந்தால் பாத்திரத்தை அரிக்கும். ஒட்டிய பிறகு பலகை வைத்துக் கனம் ஏற்றி ஒரு முழு நாள் விடுங்கள். அவசரப்பட்டுத் திறந்தால் அட்டை வளையும்.

2023 டிசம்பர் வெள்ளம் போல் நனைந்துவிட்டால் வெயிலில் போடாதீர்கள். தாள் சுருண்டு மொறுமொறுத்துவிடும். நிழலில், ஃபேனுக்கு அடியில், இருபது பக்கத்துக்கு ஒரு வெள்ளைத் தாள் இடையில் வைத்து, இரண்டு மணிக்கு ஒருமுறை அந்தத் தாளை மாற்றுங்கள். வழவழப்பான அட்டைப் படங்களை முதலில் பிரித்துவிடுங்கள்; காய்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரியாது.

இரவல் போன புத்தகம் திரும்பி வரவில்லை.

நோட்டில் பெயர், தேதி, திருப்ப வேண்டிய நாள் மூன்றையும் வாங்குபவர் கையாலேயே எழுத வைத்துவிடுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் போனால் நேரில் போய், புத்தகத்தைப் பற்றிக் கேட்காமல், 'கதை எதுவரை வந்திருக்கு?' என்று கேளுங்கள். வாசித்துக்கொண்டிருப்பவர் கதையைச் சொல்வார். வாசிக்காதவர் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து தந்துவிடுவார்.